திருத்தி மடித்த மீன்கள்

நன்னிலத்தில் நான் வேலை பார்த்த மழலையர் பள்ளியில் மே மாதம் முழுக்க சம்மர் கேம்ப் நடக்கும். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டு மணிக்கு முடியும். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இருபது பிள்ளைகள். பாட்டு, கதை, கொஞ்சம் ஆட்டம், கடைசி ஒரு மணி நேரம் காகித மடிப்பு. அந்தக் காகித மடிப்பு என் பொறுப்பு. அதில் எனக்கு அப்போதே ஏழு வருஷ அனுபவம். அனுபவம் என்று எதைச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

பள்ளியை நடத்திய மேடம் எங்கிருந்தோ ஒரு பட்டியலைப் பிடித்து என் போனுக்கு அனுப்பினார். மழலையருக்கான எளிய கோடைகால ஒரிகாமி என்று தலைப்பு. மீன், விசிறி, ஐஸ்கிரீம் கோன், படகு, தொப்பி. எளிதாம்! எழுதியவர் மூன்று வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எழுதியிருக்க மாட்டார். சதுரக் காகிதத்தின் ஒரு மூலையை எதிர்மூலையில் சரியாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும், வைத்தது நழுவாமல் ஒரு கையால் பிடிக்க வேண்டும், இன்னொரு கை விரலால் மடிப்பை அழுத்தித் தேய்க்க வேண்டும். நமக்கு அது ஒரு வேலை. அந்த வயதில் அது மூன்று வேலை. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே கரண்ட் போயிருக்கும், வியர்த்த கைகளில் கலர் பேப்பரின் சாயம் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்து மேசைமேல் கிடப்பதை மீன் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதனால் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு ஃபினிஷிங் என்று பெயர். பிள்ளைகளை வேப்பமரத்தடி மணலுக்கு அனுப்பிவிட்டு, இருபது காகிதங்களையும் நான் பிரித்து, நீவி, மறுபடி மடிப்பேன். ரொம்பக் கசங்கியிருந்தால் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு அதே நிறத்தில் புதுக் காகிதம் எடுத்துக்கொள்வேன். ஸ்கெட்சால் கண் வரைந்து, பின்பக்கம் பிள்ளையின் பெயரை எழுதி, அதைப் பிள்ளை கையில் கொடுத்து போட்டோ எடுத்து, பன்னிரண்டு மணிக்குள் அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாக வேண்டும். இருபது மீனும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல இருக்கும். இருபது பிள்ளைகள் எப்படி ஒன்றுபோல மடித்தார்கள் என்று அந்த ஏழு வருஷத்தில் ஒரு அம்மாகூடக் கேட்டதில்லை. "சூப்பர் மிஸ்" என்று வரிசையாக வந்து விழும். மேடத்துக்கு அதுதான் விளம்பரம். பொய் சொல்வானேன், எனக்கும் அது இனித்தது.

அந்த வருஷம் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று சேர்ந்தது. பிறந்ததிலிருந்தே அதற்கு வலது கையில் பலம் குறைவு. விரல்கள் உள்பக்கமாக மடங்கியே இருக்கும், கட்டைவிரல் சொன்ன பேச்சு கேட்காது. அத்தா என்று அது கூப்பிடும் அப்பாவுக்கு துபாயில் வேலை. அம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவள், எல்லாவற்றுக்கும் அவள்தான் அலைந்தாள். வாரம் ஒரு நாள் இரண்டு பஸ் மாறித் தஞ்சாவூருக்குக் கைப்பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போவாள். காகிதம் மடிக்க விட்டால் விரலுக்கு நல்லது என்று அங்கே பயிற்சி கொடுப்பவர் சொன்னதைக் கேட்டுத்தான் எங்களிடம் சேர்த்தாள். அதை முதல் நாளே என்னிடம் சொல்லியும்விட்டாள்.

"மெதுவாத்தான் செய்வா மிஸ். கொஞ்சம் பொறுமையா சொல்லிக்கொடுங்க. இந்தக் கைக்காகத்தான் கொண்டுவந்து விடுறேன்."

"கவலையே படாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். அந்தக் குழந்தை காகிதத்தை மேசையில் வைத்து, வலது முழங்கையை அதன்மேல் ஊன்றி, இடது கையால் மூலையை இழுத்துக்கொண்டு போகும். நாக்கு நுனி வெளியே வந்திருக்கும். பிறகு மடங்கிய விரல்களின் முட்டியால் மடிப்பைத் தேய்க்கும். மடிப்பு விழாது. மறுபடி தேய்க்கும். மற்றவர்கள் மணலுக்கு ஓடிய பிறகும் அது மட்டும் உட்கார்ந்திருக்கும். எனக்கோ போட்டோவுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். "குடுடா தங்கம், மிஸ் மடிச்சுத் தரேன்" என்று கை நீட்டுவேன். முதல் இரண்டு நாள் காகிதத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதது. கொஞ்சிக் குலாவி, ஒரு மிட்டாயைக் காட்டி வாங்கினேன். மூன்றாம் நாளிலிருந்து அழவில்லை. குழந்தை பழகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இரண்டாவது வாரம் அழைத்துப்போக வந்தபோது அந்த அம்மாவின் முகம் பூரித்துக் கிடந்தது.

"மிஸ், அவங்க அத்தாகிட்ட வீடியோ கால்ல மீனைக் காட்டினேன். நம்ம புள்ளையா மடிச்சுச்சுன்னு திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. அழுதுட்டாங்க மிஸ்."

சொல்லியிருக்க வேண்டும். "நல்லா செய்றாம்மா" என்றேன். கொஞ்சம்கூட வாய் கூசவில்லை.

அடுத்த வாரம் வந்தவள், போகிற போக்கில்தான் அதைச் சொன்னாள். "இப்பல்லாம் தஞ்சாவூர் போறதில்லை மிஸ். இந்த வெயில்ல புள்ளை துவண்டு போயிடுது. கைதான் நல்லாயிடுச்சே, ஏன் கெடந்து அலையுறேன்னு அவங்க அத்தாவும் சொல்லிட்டாங்க."

"எதுக்கும் ஒரு தடவை அங்க கேட்டுக்கங்களேன்" என்று முனகினேன். அவள் சிரித்துவிட்டு, "அதான் நீங்க இருக்கீங்களே மிஸ்" என்று குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு மாசக் கேம்ப். நாம என்ன டாக்டரா? ஒருத்தங்ககிட்ட நாமதான் மடிச்சோம்னு சொன்னா, மத்த பத்தொம்பது பேரும் வந்து நிப்பாங்க. உங்களுக்கு அது பரவாயில்லையா?" என்றார். பழியை அவர்மேல் போட எனக்கு ஆசைதான். ஆனால் அவர் என் வாயைக் கட்டிப்போடவில்லை. அந்த அம்மாவின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. அவள் பூரித்த முகம் என் கண்ணெதிரே சுருங்குவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான். அதை இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேம்ப் முடியும்வரை தினமும் ஒன்று மடித்து, பின்பக்கம் அந்தக் குழந்தையின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

ஜூனில் அந்தக் குழந்தை வேறொரு பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து, சுற்றிலும் நடவு முடிந்து, நானும் அதை மறந்தே போயிருந்தேன். ஆகஸ்டில் ஒரு மதியம், பள்ளி விட்ட பிறகு, அம்மாவும் குழந்தையும் வாசலில் வந்து நின்றார்கள். உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"பென்சிலே புடிக்க மாட்டேங்குறான்னு ஸ்கூல்ல கூப்பிட்டுச் சொன்னாங்க மிஸ். தஞ்சாவூர் போனேன். விரல் முன்னவிட இறுகிப்போச்சாம். ஏம்மா இத்தனை நாளா வரலைன்னு திட்டினாங்க. பேப்பர்ல மீன்லாம் மடிக்கிறாளேன்னு நான் சண்டை போட்டேன். அப்ப இங்க மடிக்கச் சொல்லுங்கன்னு ஒரு பேப்பரைக் குடுத்தாங்க."

சத்தம் போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன், அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் என் மேசைமேல் அடுக்கியிருந்த கலர் பேப்பரிலிருந்து ஒன்றை உருவிக் குழந்தையின் முன்னால் வைத்தாள்.

"எங்க, மிஸ்ஸுக்கு ஒரு மீன் மடிச்சுக் காட்டு."

குழந்தை காகிதத்தைப் பார்த்தது. என்னைப் பார்த்ததும் அதன் முகம் மலர்ந்துவிட்டது. முழங்கையை ஊன்றவில்லை, மூலையைத் தொடக்கூட இல்லை. இடது கையால் காகிதத்தை எடுத்து அப்படியே என்னிடம் நீட்டியது.

"இந்தாங்க மிஸ்."

பழக்க தோஷம். நான் வாங்கிவிட்டேன். மூலையோடு மூலை சேர்த்து, நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து, அடுத்த மடிப்புக்குத் திருப்பியும்விட்டேன். நிமிர்ந்தபோது அந்த அம்மா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.