முட்டைக்குப் பயந்த மலைப்பாம்பு

இராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெளிநாட்டு மலைப்பாம்பை வளர்க்கிறேன். மலைப்பாம்பு என்று பேர்தான், சரியான பயந்தாங்கொள்ளி. என் மனைவிக்கோ அது சாமி. ஒரு வெள்ளிக்கிழமை அதன் முன் பாலும் முட்டையும் வைத்தாள். முட்டை உருண்டது. பாம்பு நடுங்கிப்போய்த் தலையை உள்ளே ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டது.

சாமிக்குக் கோபம் என்று நினைத்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நாத்தனாருக்கு வாங்குன ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவ அம்புட்டையும் நாந்தான் தின்னேன். எறும்பு மொய்ச்சிட்டுன்னு எங்க வீட்டுக்காரர்ட்ட பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிரு தாயி!"

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். பாம்பு பயந்த கதையை அவளிடம் மூச்சுவிடவில்லை. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை முட்டையை நானே வைக்கிறேன். அவள் வரும் நேரம் பார்த்து லேசாக உருட்டிவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன்.