‘பட்டி பார்த்த சுவர்’ நீக்கப்பட்ட கதை

ஒரு புத்தகம் நல்ல புத்தகமா என்று எங்களை யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றி வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுவதுதான் இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் வேலை. சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. வாரநாள்களில் ஐடி கம்பெனியில் டெஸ்டராக அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கிறேன். சனி, ஞாயிறில் சந்தாபுரா வீட்டில் உட்கார்ந்து அதையே இலவசமாகச் செய்கிறேன். சொந்தக்காரர் எழுதிய கவிதைத் தொகுப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் நீங்களும் விழித்திருப்பீர்கள். என் பாடு உங்களுக்குப் புரியும்.

நான்கு அணிந்துரை

எங்கள் மேனேஜர் ரகு சார் ஒரு கவிஞர். இது அப்ரைசலுக்கு இரண்டு வாரம் முன்புதான் எனக்குத் தெரிந்தது. தொகுப்பை நீட்டி, கலைக்களஞ்சியத்தில் அதற்கு ஒரு பக்கம் போட்டுவிடும்படி சொன்னார். வெளியாட்கள் இரண்டு பேராவது புத்தகத்தை மதிப்பிட்டு எழுதியிருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அவர் கொடுத்த சான்றுகள்: நான்கு அணிந்துரை, ஒரு வாழ்த்துரை, வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்திய படங்கள் பதினொன்று.

அணிந்துரை நாமே கேட்டு வாங்குவது, விமர்சனம் ஆகாது என்று முடிந்தவரை பணிவாகச் சொன்னேன். நாற்பது பக்கப் புத்தகத்தில் பதினெட்டுப் பக்கம் அணிந்துரை வாங்கிய மனிதருக்கு வருத்தம் இருக்காதா? ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “பரவாயில்லமா. ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

கேட்காதவர்

அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஜீவனஹள்ளியிலிருந்து தாஸ் வந்தார். ஐம்பது வயது இருக்கும். என் புத்தக அலமாரியைப் பேப்பர் போட்டு மூடச் சொன்னால், ஒவ்வொரு புத்தகத்தின் பெயரையும் படித்துவிட்டுத்தான் மூடினார். “நீங்க படிப்பீங்களா?” என்று கேட்டது என் அசட்டுத்தனம். மறுநாள் தான் எழுதிய சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். ‘பட்டி பார்த்த சுவர்’. ஒரு அணிந்துரைகூட இல்லை.

அன்றைக்கே படித்து முடித்தேன். அதில் ஒரு கதை. காலி செய்துபோன வீட்டின் சுவரில் பழைய குடித்தனக்காரர் பென்சிலால் கிறுக்கிவைத்த போன் நம்பர்களையெல்லாம் ஒரு பெயின்டர் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் அவற்றின் மேல் பட்டி பூசி மறைக்கிறான். கடைசிவரை ஒரு நம்பருக்கும் அவன் போன் செய்வதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தாஸ் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் பக்கம் எழுதினேன். ஒரு சிற்றிதழில் விமர்சனம் கிடைத்தது. இரண்டாவதாக ஒரு மாத இதழின் ‘வரப்பெற்றோம்’ பகுதியைக் காட்டினேன். அதில் புத்தகத்தின் பெயரும் விலையும் தவிர ஒரு வரி கிடையாது. தெரிந்தேதான் சேர்த்தேன்.

தாஸின் மகள் கீதா கன்னட மீடியத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. அப்பாவின் புத்தகம் அவளுக்கு வீட்டில் கிடக்கும் சாமான்களில் ஒன்று. பக்கம் வந்த மறுநாள் தாஸ் போனில் சொன்னார்: “எம்பொண்ணு அந்தப் பேஜ ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கா மேடம். ‘நைனா, நீ நெஜமாவே ரைட்டரா?’ன்னு இப்பதான் கேக்குறா.”

சிவப்புப் பட்டை

பத்து நாளில் பக்கத்தின் தலையில் சிவப்புப் பட்டை ஏறியது: நீக்கப் பரிந்துரை. இனி ஏழு நாள் விவாதம் நடக்கும், பிறகு தீர்ப்பு. பரிந்துரைத்தது ஒரு புதுக் கணக்கு. யாருடையது என்று துப்பறிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. காபி மெஷின் பக்கத்தில் ரகு சாரே சொன்னார்: “வரப்பெற்றோம்ல என் புக்கும்தான் வந்துதும்மா. அது விமர்சனம்னு எனக்கு யாரும் சொல்லவே இல்லையே?”

ஏழு நாள்

வழக்கமாக எங்கள் விவாதங்களில் யாரும் புத்தகத்தைப் படிப்பதில்லை. இந்த முறை இரண்டு பேர் வாங்கிப் படித்துத் தொலைத்தார்கள். அந்தப் பெயின்டர் ஏன் போன் செய்யவில்லை என்று ஒருவர் ஒரு பக்கத்துக்கு எழுதினார். அது கோழைத்தனம் என்று இன்னொருவர் இரண்டு பக்கத்துக்கு எழுதினார். இதெல்லாம் தகுதிக்குச் சான்றாகாது என்று மூன்றாமவர் கத்தினார். அவர் சொன்னதுதான் சரி.

ஏழாம் நாள் நான் எழுதினேன்: ‘வரப்பெற்றோம் விமர்சனம் அல்ல. தெரிந்தே சேர்த்தேன், தவறு என்னுடையது. நீக்கலாம்.’ எழுதும்போது கீதாவின் ஸ்டேட்டஸ்தான் மனதில் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது. பக்கத்தைத் தூக்கிய சக நிர்வாகி விவாதத்தை இப்படி முடித்துவைத்தார்: “நீக்கியாச்சு. புத்தகம் எங்கே கிடைக்கும்?”

ஜீவனஹள்ளியில்

போனில் சொல்ல மனம் வராமல் நேரில் போனேன். “சும்னே, வெளையாட்டுக்குச் சொல்றீங்களா மேடம்?” என்று சிரித்த தாஸ், என் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். கீதா மொபைலை எடுத்து என்னவோ தேடினாள், கீழே வைத்தாள். பக்கம் போனாலும் விவாதம் எங்கள் காப்பகத்தில் அப்படியே இருக்கும் என்று ஏதோ சமாதானம் சொல்லி, அதன் லிங்கை அவளுக்கு அனுப்பிவிட்டு, தலை நிமிராமல் வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து தாஸ் போன் செய்தார்: “கீதா அந்தச் சண்டைய மொபைல்ல கன்னடத்துக்கு மாத்திப் படிச்சிட்டா மேடம். ‘அந்தாளு ஏன் நைனா ஒருத்தருக்குக்கூட போன் பண்ணல?’ன்னு ஒரே ரோதன. ஒக்கார வெச்சி மொத்தக் கதையும் படிச்சிக் காட்டினேன். இன்னொண்ணு படின்றா. பேஜ் போனா போவட்டும், அந்தச் சண்டைய மட்டும் யாரும் அழிக்காம பாத்துக்கோங்க.”

‘பட்டி பார்த்த சுவர்’ பற்றித் தமிழில் இன்றுவரை வந்திருப்பதிலேயே நீளமான விமர்சனம், அதை ஏன் சேர்க்கக்கூடாது என்று நாங்கள் போட்ட அந்தச் சண்டைதான். ஆனால் அதைச் சான்றாகக் காட்ட எங்கள் விதியில் இடமில்லை.