ரயிலடியில் விழுந்த பிள்ளை

சபையாரே, இதை அழாமல் சொல்லி முடிக்கக் கர்த்தர் எனக்குப் பெலன் தரட்டும்.

என் மகள் எஸ்தர் நடக்கத் தொடங்கியதிலிருந்தே அவளுடைய இரண்டு பாதங்களும் உள்பக்கம் திரும்பியிருந்தன. நாலு எட்டு ஓடினால் தன் காலே தடுக்கி விழுவாள். யுத்தம் தொடங்கிய மறுவருஷம் என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் புறப்பட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் ரயிலடியில் வண்டி நகர்ந்ததும், மூன்று வயதுப் பிள்ளை என் கையை உதறிவிட்டு அப்பா பின்னால் ஓடினாள். விழுந்தாள். அவர் சன்னல் வழியே தலையை நீட்டினார்.

"அழாத ஏட்டி. நான் வாரதுக்குள்ள காலு நேராயிரும்."

அன்று முதல் என் ஜெபம் ஒன்றுதான். ஆண்டவரே, அவர் திரும்பி வரும்போது பிள்ளை விழாமல் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அவருடைய அக்காள், என் மதினி, நல்ல மனசுக்காரி. ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று தினமும் சொல்லி, வத்திராயிருப்பு வைத்தியரிடம் பிள்ளையின் கால்களை நேராக்க மூங்கில் தப்பை வைத்துக் கட்ட நாள் குறித்துவிட்டாள். முந்தின நாள் நான் முழங்காலில் நின்று, கட்டக்கூடாது என்றால் நீரே தடுத்துவிடும் என்று அழுதேன்.

காலையில் எஸ்தருக்குக் காய்ச்சல். வத்திராயிருப்புக்குப் போக வேண்டியவள், ராஜபாளையம் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த டாக்டரம்மா, பிள்ளை நடப்பதைக் கவனித்து, படுக்கவைத்துக் கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கொறையும் இல்லம்மா. வளர வளர எலும்பு தானாத் திரும்பிக்கிடும். ஏழெட்டு வயசாகும். வலிக்குதுன்னா, ஒத்தக் காலு மட்டும் மோசமாச்சுன்னா கூட்டிட்டு வாங்க. எதையும் கட்டிராதீங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. மருந்து கேட்டுப் போனவளிடம் பொறுமையைக் கொடுத்து அனுப்பினார்கள். ஆனாலும் கட்டவில்லை.

பிறகு தந்தி வந்தது. பர்மாவில் அவர் இறந்துபோனார்.

நான் ஜெபிப்பதை விட்டேன். இனி யார் பார்க்க அவள் கால் நேராக வேண்டும்? அவள் நடையை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் அவருடைய பட்டாளத்துக் கூட்டாளி, புதுப்பட்டிக்காரர், என் வீட்டுக்காரரின் பெட்டியைக் கொண்டுவந்தார். வாங்கிக்கொள்ள அதே ரயிலடிக்கு எஸ்தரோடு போனேன். காக்கிச் சட்டையைக் கண்டதும் பிள்ளை என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். அப்பா செத்தது அவளுக்குத் தெரியும். இருந்தும் ஓடினாள். விழப்போகிறாள் என்று நான் பதறிப் பின்னால் போனேன். அவள் விழவேயில்லை. கிட்டே போய் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அப்பா இல்லம்மா" என்றாள்.

அந்த மனுஷர் பெட்டியைக் கீழே வைத்தார். "பிள்ள நேராத்தான் ஓடுறா, தங்கச்சி. நான் போறதுக்குள்ள காலு நேராயிரும்னு அவன் சொல்லிக்கிட்டே இருப்பான்."

அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். நான் கைவிட்ட ஜெபத்தை ஆண்டவர் கைவிடவில்லை. கேட்டதில் பாதியைத் தந்தார். அதற்கு ஸ்தோத்திரம். மற்றப் பாதிக்காக இன்றைக்கும் அவரிடமே அழுகிறேன், அவர் கோபிப்பதில்லை.

பிள்ளையின் காலைப் பார்த்துக் கலங்கும் தாய்மாரே, கட்ட அவசரப்படாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு ஆண்டவரை நம்பிக் காத்திருங்கள். ஆராதனை முடிந்ததும் எஸ்தர் வாசலுக்கு ஓடுவாள். சற்று நின்று பாருங்கள். அவள் அப்பாவுக்குப் பதிலாக நீங்களாவது பாருங்கள்.