திண்டிவனத்துக்குப் போன பொக்கு மூட்டை

தை மாதத்துச் சனிக்கிழமை, நண்பகல் கழிந்து ஒரு மணி. விழுப்புரம் ஜங்ஷனில் பாசஞ்சர் வண்டி என் கண்ணெதிரே புறப்பட்டுப் போயிற்று. பெட்டிக்குப் பெட்டி பட்டாளத்துக்காரர்கள். கம்பியைப் பிடித்துத் தொங்கலாமென்றால், ஒரு கையில் பை, இன்னொரு கக்கத்தில் பூசணிக்காய். பூசணிக்காயோடு யுத்தகால ரயிலில் தொற்றிக்கொள்ள சர்க்கஸில் பழகியிருக்க வேண்டும்.

பூசணிக்காய் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். மறுநாள் திண்டிவனத்தில் எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகை. அவரவர் நிலத்தில் விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து ஆலயத்தில் பீடத்தின் முன் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் வெளியே மரத்தடியில் ஏலம் விடுவார்கள். எனக்கு நிலம் கிடையாது. ஊர் ஊராய்த் திரிந்து எழுதுகிறவன். எழுத்தைக் கூறுகட்டி ஏலம்விட முடியாது. எனவே என் அறுவடை விழுப்புரம் சந்தையில் நடந்தது, இரண்டணாவுக்கு. அந்த ஆண்டு நிலமுள்ளவர்களிலும் பாதிப்பேர் சந்தையில்தான் அறுவடை செய்தார்கள். வானம் அப்படி ஏமாற்றியிருந்தது.

ரயில் போனால் பஸ். இருபத்து மூன்று மைல். பெட்ரோல் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால் நம் பஸ்களுக்குக் கரிதான். முதுகில் ஓர் இரும்பு உருளையைக் கட்டி, அதில் கரியைப் போட்டுக் கனலாக்கி, அந்தப் புகையைக் குடித்து ஓடுகிறது வண்டி. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது.

முண்டியம்பாக்கத்தில் ஓர் அம்மாள் ஏறினாள். நாற்பதைத் தாண்டிய வயது, மஞ்சளில்லாத முகம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. தலையில் ஒரு சாக்கு மூட்டை. மூட்டை பெரிது, அவள் அதை இறக்கிய விதமோ தலையணையை இறக்கியது போல.

கண்டக்டர் மூட்டையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தான். "இன்னாம்மா, உள்ள பஞ்சா?"

"மல்லாட்டை." எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்.

"மல்லாட்டையா? காத்து மாதிரி கீது!"

"பொக்கு மல்லாட்டை. ஓடு மட்டும்தான். உள்ள பருப்பு கெடையாது."

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு முன்னால் குடையை முழங்காலில் சாய்த்து உட்கார்ந்திருந்த மல்லாட்டை மண்டித் தரகர் உடம்பையே திருப்பிக்கொண்டார். "பொக்கை எந்த மண்டியில வாங்குறாங்க? எனக்கும் சொல்லு தாயே, நாலு வண்டி கெடக்குது."

"மண்டிக்கு இல்லீங்க. கோயிலுக்கு. நாளைக்கு எங்க அறுப்புப் பண்டிகை."

"சாமிக்கே பொக்கா?"

"அவரு எனக்குக் குடுத்தது அதான். அவருகிட்டயே காட்டப் போறேன்."

தரகர் குடையைத் தட்டிச் சிரித்தார். "இருந்த சாமியை விட்டுட்டுப் புதுசாமியைப் புடிச்சீங்க. அது உங்களைப் புடிச்சிக்கினு ஆட்டுது."

அவள் மூட்டையின் மேல் கையைப் போட்டுக்கொண்டாள், தூங்குகிற பிள்ளையின் மேல் போடுவது போல.

விக்கிரவாண்டியைத் தாண்டியதும் இருபுறமும் செம்மண். பிடுங்கிய மல்லாட்டைக் காடுகள், சிரைத்த தலைபோல. ஏரிகளின் அடிவயிறு தெரிந்தது. தொலைவில் மயிலம் பக்கத்துப் பாறைக் குன்றுகள் வெயிலைக் குடித்துக் கறுத்து நின்றன. அழகான வறட்சி. பார்க்க வருகிறவனுக்கு அழகு. அங்கே பிழைக்கிறவனுக்கு அந்தச் சொல் எச்சிலாகத் தொண்டையில் நிற்கும்.

மூன்று மணிவாக்கில் வண்டி இரண்டு முறை இருமி நின்றது. உருளைக்குள் நெருப்பு அவிந்துவிட்டது. பனியில் நனைந்த கரி. டிரைவர், ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டை முழுக்கக் கரி, தீப்பெட்டியைப் பாதி காலி செய்தார். பிறகு அவர் பார்வை அந்த மூட்டைமேல் விழுந்தது.

"யம்மா, ஒரு ரெண்டு மொறம் பொக்கு குடேன். காஞ்ச ஓடு, குப்புனு புடிக்கும். கரியை ஏத்திடலாம்."

"முடியாதுண்ணே."

"வெறும் ஓடுதானே!"

"காணிக்கைன்னு கட்டிட்டேன். இப்ப அது என்னோடது இல்ல."

அப்புறம் பேச வேண்டுமா? முப்பது பேரும் அவள்மேல் பாய்ந்தார்கள். "பேஜாரு புடிச்ச பொம்பளை!" என்றான் கண்டக்டர். "ஜல்தி அவுத்துக் குடும்மா, பொழுது போவுது." தரகர் காசு தருகிறேன் என்றார். அவள் கீழே இறங்கினாள். மூட்டையையும் இறக்கிக்கொண்டாள், எங்களை அவ்வளவுதான் நம்பினாள். வயல் வரப்பில் ஒற்றைப் பனைமரம் நின்றது. அதன் அடியில் கிடந்த காய்ந்த மட்டைகளையும் ஓலைகளையும் இழுத்துவந்து டிரைவர் காலடியில் போட்டாள். "இத எரிண்ணே. இது யாருக்கும் நேர்ந்தது இல்ல."

நெருப்புப் பிடித்துப் புகை வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அவளோடு வரப்பில் உட்கார்ந்தேன். என் பூசணிக்காயைப் பார்த்ததும் அவளுக்கு நான் யாரென்று தெரிந்துவிட்டது. "ஐயாவும் நம்ம சபைதானா? சந்தைக் காயா?"

"ஆமாம்மா."

"எங்கூட்டுக்காரரும் சந்தையில ஏதாச்சும் வாங்கி வெச்சிட்டு வான்னாரு. பொக்கைக் கொண்டுபோனா வெக்கமாம். அவரு வரல."

பெயர் ராகேல். பரம்பரையாகப் பண்ணையார் களத்தில் கூலிக்கு நின்ற குடும்பம். புறம்போக்கில் முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, அரைக் காணியைச் சொந்தமாக்கியிருக்கிறார்கள். வம்சத்தில் முதல் மண். இரண்டாம் ஆண்டாகப் பொய்த்துவிட்டது. அந்த நிலத்துண்டைத் தன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் களத்துக்குத் திரும்பினால் கஞ்சிக்குப் பஞ்சமில்லை என்று பண்ணையார் ஆளனுப்பியிருக்கிறார். வீட்டில் ஒரு பானை விதை இருக்கிறது. அதை ஆடியில் விதைப்பதா, வறுத்துத் தின்றுவிட்டுக் களத்துக்குப் போவதா? திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"ஆவணியில நல்லாத்தான் பூத்துது ஐயா. காய் ஊர்ற நேரம் ஒரு பொட்டு இல்ல. வானத்தைப் பாத்துக்கினு இருந்து கழுத்து நொந்துபோச்சு. பிடுங்கிப் போட்டேன் பாருங்க, மறுநாளே புடிச்சிக்கினு பேஞ்சுது. ஓடைக்கு ஓடை தண்ணி. ஒரே நாளு, அப்புறம் அதுவும் இல்ல. ஆண்டவருக்கு ஒரு வேளை இருக்குதுன்னு போதகரு சொல்லுவாரு. இருக்கட்டும். எனக்கும் ஒரு வேளை இருந்துது இல்ல?"

"அதற்காக அவரை விட்டுவிடப் போகிறீர்களா?"

சிரித்தாள். வெற்றிலைக் கறை படிந்த, துணிந்த சிரிப்பு. "விட்டுட்டு யாருகிட்ட போய் சண்டை போடறது? அவருமேல நம்பிக்கை இருக்குதுன்னுதான் இம்மாந்தூரம் தூக்கிக்கினு போறேன். எல்லாரு எதிர்லயும் அவரு கண்ணுல பட வைக்கணும். வெச்சாத்தான் திரும்ப வெதைக்க எனக்குக் கை வரும்."

எனக்குக் காது சுட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகன் ஒன்பது வயதில் காய்ச்சலில் போனான். வந்தவர்கள் எல்லாரும் வாசற்படியிலேயே ஆண்டவரின் நோக்கம், சித்தம், ஏற்ற காலம் என்று சொல்லிச் செருப்பு மாட்டிக்கொண்டு போனார்கள். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. மூட்டை எதையும் நான் பீடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதில்லை. பூசணிக்காய்தான்.

இருட்டும் நேரத்துக்குத் திண்டிவனம் வந்து சேர்ந்தோம்.

ஞாயிறு காலை. ஆலயத்துக்குள் வாழைத்தார், கரும்பு, கூடைக் கோழிகள், ஒரு கிடாய். என் பூசணிக்காய் மணப்பெண் போல நடுவில். காணிக்கை வைப்பவர்களின் பவனி வந்தது. ராகேல் மூட்டையின் வாயை அவிழ்த்துப் பீடத்தின் படியில் கவிழ்த்தாள். பொக்குகள் சலசலவென்று கொட்டிய ஓசை, அந்த ஓசைதான், சபை முழுவதையும் திரும்ப வைத்தது. எடையுள்ள எதுவும் அப்படிச் சத்தம் போடாது.

கோட்டும் தலைப்பாகையுமாக முன்வரிசையிலிருந்த சபை மூப்பர் எழுந்தார். "இன்னாம்மா இது? பண்டிகை நாள்ல குப்பையைக் கொண்டாந்து கொட்டுறே? வாருங்கப்பா."

"குப்பை இல்லீங்க ஐயா. எங்க விளைச்சல்."

"நல்லதாப் பாத்துக் கொண்டாரக் கூடாதா? பக்கத்துல யார்கிட்டயாச்சும் வாங்கியாந்திருக்கலாம்."

"அப்ப அது அவுங்க விளைச்சல். நெறஞ்ச வருஷம் நெறஞ்சதைக் கொண்டாந்தேன், வாங்கிக்கினீங்க. இது காஞ்ச வருஷம். ஆண்டவருக்குத் தெரியாம ஒளிச்சி வெக்கச் சொல்றீங்களா?"

யாரும் வாரவில்லை. போதகர் படியிறங்கி வந்தார். குனிந்து ஒரு பொக்கை எடுத்து நசுக்கினார். உள்ளே பார்த்தார். ஓட்டை மறுபடி குவியலின் மேலேயே வைத்துவிட்டுப் பீடத்துக்குத் திரும்பினார். வழக்கம்போலப் பொருள் பொருளாய்ச் சொல்லி நன்றி செலுத்தினார்: கரும்புக்காக, வாழைக்காக, ஆட்டுக்காக. பொக்கிடம் வந்ததும் குரல் நின்றது. நன்றி என்று சொல்ல அந்த நேர்மையான மனிதருக்கு வாய் வரவில்லை. கடைசியில், "ஆண்டவரே, இதையும் பாரும்" என்றார். அவ்வளவுதான்.

ராகேல் தலையை நிமிர்த்தித்தான் நின்றிருந்தாள்.

பிற்பகல், புளியமரத்தடியில் ஏலம். என் பூசணிக்காயை அந்த மூப்பரே எடுத்தார், நான் வாங்கியதைப் போல மும்மடங்கு விலைக்கு. பொக்கு மூட்டை வந்தபோது ஏலம் கூறிய, ஆலயத்தில் மணியடிக்கும் கோயில்பிள்ளைக்கு வாய் கோணிற்று. "காத்தடைச்ச மல்லாட்டை! பல்லு போனவங்களுக்குத் தோதானது! யாரு கேக்குறது?"

சிரிப்பு. ஒருவரும் விலை கேட்கவில்லை. நான் கேட்க வாயைத் திறந்தேன். ராகேல் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ஆறணா," என்றாள் அவள்.

"உன் மூட்டையை நீயே கேக்குறியா?"

"என் மூட்டை இல்ல. அவரு மூட்டை. ஆறணா."

ஒருதரம். ரெண்டுதரம். மூணுதரம். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஊர் திரும்ப வைத்திருந்த பஸ் காசை எடுத்துக் கொடுத்தாள். நான் தருகிறேன் என்றதற்கு, "காலு இருக்குது ஐயா" என்றாள்.

திங்கட்கிழமை, காலை எட்டு மணி. அதே பஸ்ஸில் திரும்பினேன். இரவெல்லாம் பனி மழைபோலப் பெய்திருந்தது. கூட்டேரிப்பட்டுக்கு ஒரு மைல் முன்பாகவே நெருப்பு அவிந்து நின்றுவிட்டோம். ஓலை, சருகு, வைக்கோல் எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். டிரைவர் எதையெல்லாமோ கொளுத்திப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

திண்டிவனத்துச் சாலையில், பின்னாலிருந்து, ஒரு மூட்டை நடந்து வந்தது. விடியுமுன்னே கிளம்பியிருக்கிறாள்; பனிமூட்டத்தில் அவளைக் காணாமல் தாண்டி வந்திருக்கிறோம்.

"இன்னாண்ணே, நின்னுட்டியா? நான் உன்னை முந்திப் போயிருப்பேன் போலக்கீதே!"

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்க அவருக்கு வெட்கம். அவளே மூட்டையை இறக்கி வாயை அவிழ்த்தாள். "மொறம் இருக்குதா? புடி."

"அன்னிக்கு அப்பிடி ஒத்தைக்கால்ல நின்னே?"

"அன்னிக்கு அவரோடது. நேத்து ஏலத்துல எடுத்துட்டேன். இப்ப என்னோடது. எரி."

மேலேதான் சற்று நமத்திருந்தது. அடியில் மொறமொறவென்று காய்ந்திருந்தன. குப்பென்று பிடித்தது. அந்த வெறும் ஓடுகள் எரிந்த எரிச்சலைப் பார்க்க வேண்டும். நீல நாக்கு, மஞ்சள் நாக்கு, படபடவென்று ஒரு கோபம். கரி சிவந்தது. கண்டக்டர் அவளை முன்சீட்டில் உட்கார வைத்தான், காசு கேட்காமல்.

எனக்கு எழுதுகிறவனின் அரிப்பு. "பார்த்தீர்களா அம்மா, உங்கள் பொக்குக்கும் ஒரு நோக்கம் இருந்திருக்கிறது" என்றேன்.

அவள் திரும்பிய வேகத்தில் நான் பின்னால் சாய்ந்தேன். "கரி பஸ்ஸை ஓட்டவா எம் பயிரு பொக்காப் போச்சு? போங்க ஐயா! எம் பசியை இம்மாத்தூண்டு கணக்குல முடிக்காதீங்க. அவரு நோக்கம் இன்னான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அவரு சொல்றப்போ சொல்லட்டும். நான் விடப் போறதில்ல."

சாக்கில் அடியில் மிச்சமிருந்ததை இறுக்கிக் கட்டினாள். "இது வேணும். அடுத்த பண்டிகைக்கு எது விளையுதோ அதோட பக்கத்துல இதையும் வெப்பேன்."

முண்டியம்பாக்கத்தில் ஒரு மனிதர் சாலையோரம் காத்து நின்றார், தோளில் துண்டு, பார்வை தரையில். அவள் கணவர் என்று தெரிந்தது.

"பண்ணையார் ஆளு வந்து குந்திக்கினு இருக்கான்," என்றார். பிறகு சாக்கைப் பார்த்தார். "சின்னதாயிட்டுதே. வித்துட்டியா?"

"எரிச்சிட்டேன். ஆடிக்கு வெதைக்கிறோம்னு அவன்கிட்ட சொல்லு. வெதைப் பானையில எறும்பு ஏறிச்சான்னு பாத்தியா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பஸ் நகர்ந்துவிட்டது. வளைவு திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முன்னால் வேகமாக நடந்துகொண்டிருந்தார், சாக்கு இப்போது அவர் தலையில்.

விழுப்புரத்தில் ரயிலுக்கு மாறி வீடு வந்தேன். எனக்கு நிலமில்லை என்று முதலில் எழுதினேன். அறுவடையும் இல்லையென்று இதுவரை நினைத்திருந்தேன். அலமாரியின் மேல்தட்டில் ஒரு பம்பரம் இருக்கிறது. காய்ச்சல் வந்த அன்று மாலை விளையாடப் போகச் சாட்டையைச் சுற்றி வைத்தான். சுற்றியபடியே இருக்கிறது. அவிழ்க்க வீட்டில் யாருக்கும் கை வரவில்லை.

அடுத்த தையில் பூசணிக்காய் வாங்க மாட்டேன். பம்பரத்தைக் கொண்டுபோய்ப் பீடத்தின் படியில், எல்லாருக்கும் தெரிய, வைப்பேன். வாயில் நன்றி வந்தால் சொல்வேன். வராவிட்டால் பாரும் என்பேன். மரத்தடியில் ஏலம் விடும்போது ஒருவரும் கேட்க வேண்டாம். நானே எடுப்பேன். எடுத்து, அந்தப் புளியமரத்து நிழலில், சாட்டையைச் சுண்டி இழுத்துச் சுழலவிடுவேன்.