கூடைக்கு ஒரு மீன்

புதுக்கோட்டை சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தபோது எங்கள் பக்கத்தில் பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. சில வருஷம் கழித்து இரண்டு பஸ் கம்பெனிகளை இணைத்தார்களே, அப்போதுதான் கேட்டது. ராஜா போனதைத் தாங்கிக்கொண்ட மனிதர்கள், பெரிய கம்பெனி டிரைவருக்கும் சின்னக் கம்பெனி டிரைவருக்கும் ஒரே சம்பளமா என்ற கேள்வியைத் தாங்கமாட்டாமல் தவித்தார்கள்.

நான் சின்னக் கம்பெனியில் கண்டக்டர். இணைப்பு நடந்த விதமே வேடிக்கை. பெரிய கம்பெனி முதலாளியின் மகனுக்கு எங்கள் முதலாளி தன் மகளைக் கட்டிக்கொடுத்தார். வெள்ளிப் பாத்திரம், கட்டில், மெத்தை என்று போன சீர்வரிசையின் வாலில் எங்கள் பஸ்களும் போயின. பஸ்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்த பாவத்துக்கு நாங்களும் போனோம். கல்யாணத்தன்று எங்களுக்கும் பந்தியில் இடம் போட்டார்கள். "நம்மளையே சீராக் குடுத்துட்டு நமக்கே சோறு போடுறானுகளே" என்று சொல்லிக்கொண்டே எங்கள் டிரைவர் அண்ணன் பாயசத்தை மறுபடியும் கேட்டு வாங்கினார்.

அந்த அண்ணன் கட்டுமாவடிக்காரர். புதுக்கோட்டையிலிருந்து கடைசி வண்டியாகக் கிளம்பி, கட்டுமாவடி போய் ராத்திரி அங்கேயே தங்கி, விடியற்காலையில் திரும்பும் வண்டிக்கு அவர் டிரைவர், நான் கண்டக்டர். வண்டி இப்படி வெளியூரில் தங்குவதை நைட் ஆல்ட் என்போம். மற்றவனுக்கெல்லாம் ஆல்ட் என்றால் பஸ் சீட்டில் கொசுவோடு குடித்தனம். அண்ணனுக்கு மட்டும் அது வீட்டுக்குப் போவது. வண்டியை நிறுத்துவார், கைகால் கழுவுவார், மதினி போட்ட சோற்றைத் தின்றுவிட்டுத் தன் பாயில் காலை நீட்டிப் படுப்பார். எனக்கு வல்லத்திராக்கோட்டை. வண்டி தினமும் என் ஊர் வழியாகத்தான் போகும். என் பெண்டாட்டி குடத்தோடு ரோட்டோரம் நிற்பாள். நான் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே தலையை ஆட்டுவேன். எங்கள் இல்லறம் பெரும்பாலும் அந்த அளவில்தான் நடந்தது.

மதினி, அதாவது அண்ணனின் மனைவி, மீன் வியாபாரம் செய்தாள். அவளும் இன்னும் பல பெண்களும் கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் போட்டுக்கொண்டு, எங்கள் வண்டியில் அறந்தாங்கிச் சந்தைக்கும் புதுக்கோட்டைக்கும் வருவார்கள். ஏலம் என்றைக்கும் நேரத்துக்கு முடியாது. அண்ணன் ஆரனை அடித்து ஊரைக் கூட்டுவாரே தவிர, கடைசிக் கூடை மேலே ஏறாமல் வண்டியை எடுக்கமாட்டார். இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வண்டியின் பின்னால் ஏணியில் ஒரு பழைய மண்ணெண்ணெய் டின் தொங்கும். டாப்பில் கூடை ஏறும்போது ஒவ்வொருத்தியும் கூடைக்கு ஒரு மீனை அதில் போடுவாள். அண்ணனும் நானும் கிளீனரும் அதைப் பங்கிட்டுக்கொள்வோம். பெரிய மீன் ஒன்றும் இல்லை. காரலும் சூடையுந்தான் விழும், கடலுக்கு நல்ல புத்தி வந்த நாளில் ஒரு விலைமீன் விழும்.

எங்கள் பழைய முதலாளி கெட்டிக்காரர். எப்போது சம்பள உயர்வு கேட்டாலும், "ஒங்களுக்கென்னப்பா, கொழம்புச் செலவே இல்ல" என்பார். இப்படியே பல வருஷம் காரல் மீனைக் காட்டி எங்களை ஓட்டினார்.

கம்பெனி ஒன்றானதும் சங்கமும் ஒன்றானது. புது மானேஜரிடம் சம்பளம் பேசுவதற்கு முன்னால் எங்களுக்குள் ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்று புதுக்கோட்டை ஷெட்டில் கூட்டம் போட்டார்கள். பெரிய கம்பெனிக்காரர்கள் காக்கி உடுப்போடு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாங்கள் துண்டோடு பழைய டயர்களின் மேல் உட்கார்ந்தோம். அவர்களுடைய டிரைவர் ஒருவர்தான் செயலாளர். திருமயத்துக்காரர், நல்ல தொண்டை. ஒரு டம்ளர் டீ கேட்பதென்றாலும் மேடையில் நிற்கிற மாதிரிதான் கேட்பார்.

"தோழர்களே! சம வேலைக்குச் சம ஊதியம்! இதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை" என்றார். நாங்கள் கை தட்டினோம். அவர் கையை உயர்த்தினார். "ஆனா கட்டுமாவடித் தோழர்களுக்கு மீன் வருது. சம்பளத்தையும் சமமாக் குடுத்து மீனையும் குடுத்தா, அவுக நம்மளவிட ஒசந்துருவாகள்ல?"

அதோடு சம்பளம் செத்தது. பேச்சு முழுக்க மீனாயிற்று. மீன் ஊதியமா, இனாமா? ஊதியம் என்றால் கடல் கொந்தளிக்கிற நாளில் கம்பெனி அதை ஈடுசெய்யுமா? சைவக்காரரான ஒரு செக்கர் எழுந்து, "அப்ப எனக்கு என்ன? கத்திரிக்காயா?" என்று நியாயம் கேட்டார். அண்ணன் டயரிலிருந்து எழுந்தார்.

"அது சம்பளமில்லய்யா. மரியாத. பொம்பளைக மதிச்சுப் போடுறது. அதப் போயி எடைபோட்டுப் பேசுறீகளே, வெக்கமா இல்ல?"

கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. திரும்பும் வழியில் அறந்தாங்கியில் டீ குடிக்கும்போது அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "சம்பளம் கூடுனாலும் சரி, கூடாட்டியும் சரி. அந்த ஆல்ட்ட மட்டும் மாத்திரக் கூடாதுப்பா. ராத்திரி வீட்ல படுத்துப் பழகிட்டேன்."

"இத அங்க சொல்ல வேண்டியதுதானண்ணே? மீனுக்கா போயி அவ்வளவு கத்துனீக?"

"என்னன்னு சொல்றது? பொண்டாட்டிய விட்டுட்டு இருக்க முடியலன்னா? அத்தன பேரும் சிரிப்பானுகடா."

சிரிப்பார்கள்தான். அந்தக் காலத்து டிரைவர் தனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்று சொல்வான், கடன் இருக்கிறது என்று சொல்வான், பெண்டாட்டிமேல் ஆசை இருக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டான்.

மதினிதான் யோசனை சொன்னாள். "அவுக பேசுறதெல்லாம் வயித்தெரிச்சல் கொழுந்தனாரே. ஒருதரம் நல்லாக் கொழம்பு வச்சுப் போட்டுட்டா, வாய மூடிக்கிட்டுக் கையத் தூக்குவாக." அண்ணனுக்கும் அது சரியாகப் பட்டது. அடுத்த கூட்டத்துக்கு எல்லாருக்கும் சாப்பாடு எங்கள் பொறுப்பு என்று சொல்லியனுப்பினார்.

பெண்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் மீனும் நண்டும் கொடுத்தார்கள். புளிக்கும் மிளகாய்க்கும் மதினி கணக்குப் பார்க்கவில்லை. இரண்டு பெரிய அண்டாக்களை வாயைத் துணியால் கட்டி டாப்பில் ஏற்றினோம். அன்றைய பயணிகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாக இருக்கிறது. ஜன்னல் வழியாக வாசனை இறங்கிக்கொண்டே இருந்தது. அறந்தாங்கிக்கு டிக்கெட் வாங்கிய ஒருவர் ஊர் வந்தும் இறங்காமல், "அண்டா எங்கிட்டு எறங்குது?" என்று கேட்டார். சும்மா கேட்டதாகத் தெரியவில்லை.

ஷெட்டில் இலை போட்டு உட்கார்ந்தார்கள். செயலாளர் முதல் கவளத்தை வாயில் வைத்தபிறகு அவரிடமிருந்து பேச்சே இல்லை. அந்தத் தொண்டை அவ்வளவு நேரம் சும்மா இருந்ததை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. நண்டைக் கடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்தது. சைவச் செக்கர் மட்டும் ஓரமாக ரசத்தோடு இருந்தார்.

கை கழுவியதும் முதல் தீர்மானம்: எல்லோருக்கும் ஒரே சம்பளம். ஏப்பத்தோடு எல்லாக் கைகளும் உயர்ந்தன. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்போது செயலாளர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தோழர்களே! இவ்வளவு அருமையான மீனை ஒரு சிலர் மட்டும் அனுபவிக்கிறது என்ன நியாயம்? இனிமே நாம எல்லாம் ஒண்ணு. கட்டுமாவடி லைனை எல்லாருக்கும் முறை வச்சு விடணும்!"

முதல் தீர்மானத்துக்கு விழுந்த கைதட்டலைவிட இதற்குப் பலமாக விழுந்தது. மதினியின் கைப்பக்குவம் கொஞ்சம் மட்டமாக இருந்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். "அண்ணனுக்கு ஆட்சேபனை எதுவும் உண்டா?" என்று செயலாளர் மரியாதையாகவே கேட்டார். நான் அண்ணனின் விலாவில் இடித்தேன். அத்தனை முகங்களும் அவரைப் பார்த்தன. அவர் காலி அண்டாவைப் பார்த்துக்கொண்டே, "இல்ல" என்றார்.

மானேஜர் சம்பளத்தில் கேட்டதில் பாதியைத்தான் கொடுத்தார். முறை வைப்பதற்கு மட்டும் உடனே சம்மதித்தார், அவருக்கு அதில் ஒரு செலவும் இல்லை. முதலில் டிரைவர்களுக்கு முறை, பிறகு கண்டக்டர்களுக்கு என்று ஏற்பாடு. அண்ணனை மதுரை வண்டிக்குப் போட்டார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. உயர்ந்த சம்பளத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஊரில் ஸ்டியரிங்குக்குக் கீழே சுருண்டு படுப்பதற்காகவா இவ்வளவு கத்தினோம்?

கட்டுமாவடிக்கு முதல் முறை செயலாளருக்குத்தான் விழுந்தது. அவர் டின்னைத் தேய்த்துக் கழுவி, ஏணியில் அழகாக மாட்டினார். விடியற்காலையில் பெண்கள் வந்தார்கள், கூடைகளை ஏற்றினார்கள், உள்ளே போய் உட்கார்ந்தார்கள். டின் காலியாக இருந்தது.

"மீனு போடலையே?" என்றார் செயலாளர்.

"ஆளுக்கு டிக்கெட்டு வாங்கியாச்சு, கூடைக்கு லக்கேஜும் குடுத்தாச்சு. மீனு என்னத்துக்கு?" என்றாள் மதினி.

"வழக்கம்னு சொன்னாகளே..."

"அது எங்க ஊரு ஆளு எங்களுக்காக நின்டாருன்னு போட்டது. ஒங்களுக்கு நேரமாச்சுன்னா நீங்க பாட்டுக்கு எடுங்க. யாரு நிக்கச் சொன்னா?"

அடுத்தடுத்து வந்த டிரைவர்களுக்கும் இதே மரியாதைதான். ஒருவர் கெஞ்சிப் பார்த்தார். ஒருவர் ஏலம் முடிகிறவரை நின்று நல்ல பெயர் வாங்கப் பார்த்தார். ஒரு சூடைகூட விழவில்லை. மழைக்காலமும் வந்து சேர்ந்தது. உப்புக்காற்று, ஒழுகுகிற டாப், கவிச்சி நாற்றம், கொசு. காய்ச்சல், தலைவலி, மாமனார் சாவு என்று சொல்லி ஒவ்வொருவராகக் கட்டுமாவடி முறையிலிருந்து நழுவினார்கள். ஒரே டிரைவருக்கு மாமனார் மறுபடியும் இறந்தார். கொடி இல்லை, சந்தா இல்லை, தீர்மானம் இல்லை; எங்கள் சங்கத்தால் முடியாத வேலைநிறுத்தத்தை அந்தப் பெண்கள் கூடையை மூடிவைத்தே நடத்திக்காட்டினார்கள்.

மறுபடியும் ஷெட்டில் கூட்டம். செயலாளரின் தொண்டை அன்று இறங்கியிருந்தது. "கட்டுமாவடி லைனை அண்ணனே திரும்ப எடுத்துக்கிறதுல யாருக்கும் வருத்தமில்லைன்னு நெனைக்கிறேன்" என்றார். அண்ணன் நன்றாகக் கேலி பேசி மானத்தை வாங்கப்போகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் எழுந்து துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார்.

"எடுத்துக்கிறேன். மீனுக்காக இல்ல. மீனு யாரு வேணும்னாலும் தின்னுங்க. எனக்கு ராத்திரி வீட்டுக்குப் போகணும். என்னால வெளிய படுக்க முடியல. தூக்கம் வரமாட்டேங்குது. அவ்வளவுதான்."

யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்கினான். கூடச் சிரிக்க ஆள் சேராததால் நிறுத்திக்கொண்டான். செயலாளர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இந்தமுறை மேடைத் தமிழ் வரவில்லை.

"என் வண்டி திருமயம் வழியாத்தான் போகுது. வீடு கோட்டைக்குப் பக்கத்துல. எறங்க முடியாது. லீவுல போனா, எம்புள்ள என்னையப் பாத்துட்டு, யாரோ வந்துருக்காகன்னு அவுக ஆத்தாகிட்ட ஓடுது."

அதற்குப் பிறகு கூட்டத்தை யாராலும் அடக்க முடியவில்லை. ஒவ்வொருவனும் எழுந்து தன் ஊர்ப் பெயரைச் சொன்னான். ஆவூர்க்காரர் ஒருவர், கல்யாணமானதிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருந்ததில்லை என்றார். என்றைக்கும் வாய் திறக்காத கிளீனர்கூட ஊரைச் சொன்னான். நானும் எழுந்து வல்லத்திராக்கோட்டை என்றேன். ரோட்டோரம் குடத்தோடு நிற்பவளைப் பற்றியும் சொன்னேன்.

எல்லோருமாக மானேஜர் அறைக்குப் போனோம். அவரவர் ஊர்ப்பக்கம் ஆல்ட் ஆகிற வண்டியில் அவரவரைப் போடுங்கள் என்று கேட்டோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டி எங்கிட்டுப் படுத்தா கம்பெனிக்கு என்னய்யா? இதுக்கா இத்தன பேரு? மொதல்லயே கேட்டிருந்தா மொதல்லயே குடுத்திருப்பேனே" என்றார். கையிலிருந்த சோடா தீர்வதற்குள் விஷயம் முடிந்தது. அதைக் கேட்டு எங்களில் யாரும் கைதட்டவில்லை. இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

அண்ணன் கட்டுமாவடிக்குத் திரும்பினார். நான் கடைசியாக அந்த வண்டியில் வந்த காலை, மதினி டின்னுக்குள் எட்டிப்பார்த்து, அதில் போடாமல், நல்ல விலைமீனாக ஒன்றைப் பனையோலையில் சுற்றி என் கையில் கொடுத்தாள். "தங்கச்சிகிட்ட குடுங்க. சும்மா தலைய ஆட்டிட்டுப் போயிராதீங்க, எறங்கிக் குடுங்க."

அன்று பொழுது சாய எங்கள் ஊரில் தங்குகிற வண்டியிலிருந்து இறங்கி, மீனோடு வீட்டுக்கு நடந்தேன். என் பெண்டாட்டி மீனை வாங்கிக்கொண்டாள், என்னை உள்ளே விடுவதா என்பதுபோல வாசலிலேயே நின்றாள். விஷயம் முழுவதையும் சொன்னேன். சம்பளம், மீன், அண்டா, அண்ணன் பேசியது, மானேஜரின் சோடா, எல்லாம். மீனைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப, நீங்க தெனமும் வருவீங்களா?"

"வருவேன்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள் என்று நினைத்தேன். உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெகுநேரம் கழித்துத்தான் மீனை ஆயத் தொடங்கினாள்.