அண்ணன் கார்டில் எடுத்த டிக்கெட்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், செல்போன் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவே, ஓர் ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொட்டுவிடக்கூடிய ஒரு கடை. புதுத்துணி தைப்பதில்லை. தைத்ததைப் பிரித்துத் திருத்துவது மட்டும்தான் வேலை. அங்கே உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் டேப்பக்கா என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் கிடையாது.

வேலையில் குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். போன வருஷத்து பேன்ட் இந்த வருஷம் ஏறவில்லை என்று வருகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல, "துவைச்சதுல சுருங்கிடுச்சுக்கா" என்பார்கள். வேறு தையல்காரராக இருந்தால் ஆமாம் போட்டுவிட்டுக் காசைப் பார்ப்பார். இவள் மாட்டாள்.

"துணி அப்படியேதான் இருக்கு. நீங்கதான் பெருத்துட்டீங்க. டேப் பொய் சொல்லாது."

கேட்டவர் முகம் சுண்டிப்போகும். இருந்தாலும் அடுத்த முறையும் இங்கேதான் வருவார். தையல் அப்படி.

ஆனால் வாடிக்கையாளரிடம் செல்லுபடியாவது சொந்தத்தில் செல்லுமா? ஒருநாள் அண்ணி தன் கறுப்பு பேன்ட்டைக் கொண்டுவந்தாள். ஹோட்டல் வரவேற்பில் நிற்கிறவள். சீருடை கச்சிதமாக இருக்க வேண்டும். அவளும் அதே பல்லவியைத்தான் பாடினாள். டேப்பக்காவும் அதே பதிலைத்தான் சொன்னாள், கடையில் இரண்டு பேர் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல். "இடுப்பு மூணு இஞ்சு கூடிருக்கு அண்ணி. துணியை ஏன் குத்தம் சொல்றீங்க?"

அண்ணி பேன்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் அண்ணன் போன் செய்தான்.

"என் பொண்டாட்டியை நாலு பேர் முன்னாடி அளந்து காட்டினியாமே?"

"உள்ளதைத்தானே சொன்னேன்?"

"உள்ளதை நீயே வச்சுக்க. இனி உனக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

போனால் போகட்டும் என்றுதான் இருந்தாள். ரோஷம் அவளுக்கும் உண்டு. அந்த நேரம் பார்த்துத்தான் விமானக் கம்பெனி திவாலானது.

ஒரே மகள், கட்டிக்கொடுத்த இடம் கடல் தாண்டி. மருமகன் கப்பலில் வேலை. பிரசவத்துக்கு வந்துசேர முடியாது. "நீ வந்துருவேல்லம்மா?" என்று மகள் போனில் கேட்கும்போதெல்லாம் குரல் கம்மும். "வராம எங்க போறேன்?" என்பாள் இவள். சண்டைக்கு முன்பே டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கைப்பைக்குக்கூடத் தனியாகக் காசு பிடுங்கும் மலிவு விமானம்தான். இவளிடம் கார்டு கிடையாது. அண்ணன் தன் கார்டில் எடுத்துக் கொடுத்தான். இவள் பணத்தை அவன் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு காலையில் போனில் செய்தி வந்தது. எல்லா விமானங்களும் ரத்து, யாரும் விமான நிலையத்துக்கு வர வேண்டாம். டேப்பக்கா கடையைப் பூட்டிவிட்டுக் கம்பெனி அலுவலகத்துக்கு ஓடினாள். ஷட்டர் இறங்கியிருந்தது. வெளியே முப்பது நாற்பது பேர் ஷட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் வழி சொன்னார்: "இங்க நின்னு பிரயோஜனம் இல்லம்மா. எந்த கார்டுல எடுத்தீங்களோ அந்த பேங்க்ல கேளுங்க, திருப்பித் தருவாங்க."

வங்கிக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள்.

"கார்டு உங்களுதா மேடம்?"

"அண்ணனோடது. காசு என்னோடது."

"கார்டு யாருதோ அவங்கதான் கேக்கணும். பணமும் அவங்க கணக்குக்குத்தான் வரும்."

"காசை நான் கையில கொடுத்தேங்க."

"அது உங்க குடும்ப விஷயம் மேடம்."

அதற்குப் பிறகும் டேப்பக்கா விடவில்லை. வேறொரு கிளை, பிறகு நுகர்வோர் அலுவலகம், பிறகு பழைய வாடிக்கையாளரான ஒரு வக்கீல். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல அண்ணனைக் கூட்டிவரச் சொன்னார்கள். இன்னொரு டிக்கெட் எடுக்கக் கையில் காசில்லை. மகளுக்கோ நாள் நெருங்கிவிட்டது. ரோஷத்தைப் பார்த்தால் மகள் தனியாகக் கிடப்பாள். வேறு வழியில்லை, ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தது அண்ணி. வா என்று சொல்லவில்லை, ஆனால் வழிவிட்டாள். அண்ணன் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே, அந்த டிக்கெட் காசு..."

"எனக்கென்ன தெரியும்? உன் அண்ணிகிட்ட கேளு."

அண்ணி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்தக் கறுப்பு பேன்ட் இருந்தது. அதை மேசைமேல் போட்டாள்.

"முதல்ல இதைப் பாரு. நல்லா அளந்து பாரு."

டேப்பக்கா கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். அண்ணியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். அண்ணி மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள். அப்படியும் டேப் காட்ட வேண்டியதைக் காட்டியது. மூன்று இல்லை, இப்போது மூன்றரை. அண்ணன் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டான். டேப்பக்காவுக்கு நாக்கு நுனிவரை உண்மை வந்து நின்றது. மகளின் கம்மிய குரலும் கூடவே வந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

"துணிதான் அண்ணி. மட்டமான துணி. சுருங்கிடுச்சு."

அண்ணி மூச்சை விட்டாள். அண்ணன் எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு கவரை எடுத்துவந்து நீட்டினான்.

"கம்பெனி மூடின அன்னைக்கே நான் பேங்க்ல சொல்லிட்டேன். காசு வந்து பத்து நாளாச்சு. நீயா வரட்டும்னுதான் இருந்தேன்."

பத்து நாள்! அந்தப் பத்து நாளில்தான் அவள் செருப்புத் தேய நாயாய் அலைந்தாள். பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு விழுங்குகிற நாள் என்று அதையும் விழுங்கிவிட்டு, பேன்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாளே இடுப்பைப் பிரித்து மூன்றரை இஞ்சு விட்டுத் தைத்துக் கொடுத்தாள், கூலி வாங்காமல். விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்த அண்ணி அதைத்தான் போட்டிருந்தாள்.

பேத்தி பிறந்தாள். மகள் அசந்து தூங்கும்போது, டேப்பக்கா பிள்ளையை உச்சி முதல் பாதம்வரை அளந்துவிட்டு, முதல் போனை அண்ணிக்குப் போட்டாள்.

"அண்ணி, பொண்ணு! இருபது இஞ்சுக்கு ஒரு நூல் கம்மி."

அந்தப் பக்கம் அண்ணி சிரித்தாள்.

"இது நெசமான அளவா? இல்ல, எனக்குச் சொன்ன மாதிரியா?"