இடது கையால் வரைந்த மலை

1. கை போன வருஷம்

அன்வர் பைக்கிலிருந்து விழுந்துவிட்டான் என்று போன் வந்தபோது நான் திருத்தணி பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஸ்வீட் கடைக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். பிரஷ்ஷைக் கூடக் கழுவாமல் ஓடினேன். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது முழங்கை எலும்புதான் முறிந்திருந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகுதான் பிரச்சினை தெரிந்தது. விரல்களில் பிரஷ் நிற்கவில்லை, நழுவி விழுந்தது. நரம்பு அடிபட்டிருக்கிறது, பிடிப்பு திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

நானும் அன்வரும் ஒரே வயது. சேர்ந்து சுவர் ஓவிய வேலை எடுத்துச் செய்கிறோம். எழுத்தும் உருவமும் என் பங்கு. சீனரி, அதாவது மலை, மரம், வானம் எல்லாம் அவன் பங்கு. விபத்துக்கு முன்னால்தான் மணவூர் பக்கம் கமலம்மா என்பவர் கட்டிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்தில் பெரிய வேலை ஒன்று பேசியிருந்தோம். சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு முழுச் சுவருக்கும் திருத்தணி மலை, வயல்வெளியிலிருந்து பார்ப்பது போல.

வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டேன். கை சரிவராவிட்டால் அன்வர் அரக்கோணத்தில் மச்சான் நடத்தும் பஞ்சர் கடைக்குப் போய்விடுவதாக வீட்டில் சொல்லியிருந்தான். ஆனால் என்னிடம், “சுவரு பூசி காய இன்னும் நாளாவும் இல்ல? அதுக்குள்ள இந்தக் கைய பழக்கறேன், தயாளா” என்று இடது கையைக் காட்டினான்.

2. ஏரிக்கரை

தினமும் விடிந்ததும் கே.ஜி.கண்டிகை பக்கத்து ஏரிக்கரைக்குப் போய்விடுவான். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தூரத்தில் தெரியும் மலையை இடது கையால் வரைவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நானும் போய்ப் பார்ப்பேன். ஆரம்பத்தில் வந்தவற்றை மலை என்று சொல்ல முடியாது. ஈரத் துணியைச் சுருட்டி வைத்தது போல இருக்கும். அவன் எதையும் கிழிக்கவில்லை. எல்லாவற்றையும் எங்கள் பெயின்ட் ஷெட் சுவரில் வரிசையாக மாட்டி, எது எங்கே கெட்டது என்று சாயங்காலம் நின்று பார்ப்பான்.

மெல்லிய பிரஷ் பிடித்தால் கை நடுங்கியது. அதனால் பட்டையான பெரிய பிரஷ்ஷுக்கு மாறினான். “இதுல கோயில் படியும் வராது, எலையும் வராது. பெருசா இருக்கறது மட்டுந்தான் வரும். அத மொதல்ல ஒழுங்கா போடறேன்” என்றான்.

கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்ப்பான். எது ரொம்ப இருட்டு, எது ரொம்ப வெளிச்சம் என்று முடிவு செய்வான். பிறகு வானத்துக்கு ஒரு ஷேடு, மலைக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று. அந்த மூன்றும் பொருந்தாமல் நான்காவது நிறத்தைத் தொடமாட்டான். நான் அதுவரை மலை என்றால் டின்னைத் திறந்து பச்சையை எடுப்பவன். காலையில் அந்த மலை பச்சையே இல்லை, நீலம் கலந்த சாம்பல் நிறம் என்பது அவன் அட்டையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து மலையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பனிக்காலம் வந்ததும் இன்னொன்றைக் கண்டுபிடித்தான். உச்சி அழுத்தமாகத் தெரியும்போது அடிவாரம் வெளுத்துக் கரைந்திருக்கும். அந்த மலைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாது.

மாதங்கள் போகப் போக, ஷெட் சுவரில் மலை மெல்ல மெல்ல எழுந்து உட்கார்ந்தது.

3. சுவர்

கமலம்மா காதுக்கும் விஷயம் போயிருந்தது. பிரைமர் அடிக்கப் போன அன்று நேராகவே கேட்டார். “கை சரியில்லன்னு சொல்றாங்களே பாய், மெட்ராஸ்லேந்து வேற ஆள கூப்புடட்டுமா?”

“பாதி சுவரு போடறேன்ம்மா. பாருங்க. புடிக்கலன்னா நாங்களே வெள்ள அடிச்சிக் குடுத்துட்டுப் போறோம்” என்றான் அன்வர்.

அவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னர் சாயம் விட்டு ஷேடு கலந்து கொடுப்பதும், சாரத்தை நகர்த்துவதும் என் வேலையானது. அன்வர் ஒரு கோடு கூட ரஃப் போடவில்லை. வானத்தை ரோலரில் இறக்கினான், பட்டை பிரஷ்ஷால் மலையை வைத்தான். மலைக்கோயில் கோபுரத்தை நான் நிலை நிலையாக எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உச்சியில் வெளிர் நிறத்தில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். அவ்வளவுதான் கோபுரம்.

கிட்டே நின்று பார்த்த மேஸ்திரி, ஒன்றுமே விளங்கவில்லை, திட்டுத் திட்டாக இருக்கிறது என்றார். அன்வர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தான். கை வேகமாக ஓடியதைப் பார்த்து, அவனுக்கும் என்னைப் போலவே பயம்தான் என்று புரிந்தது.

கமலம்மா வந்தார். சுவரை ஒட்டி நின்று பார்த்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்படியே பின்னால் நடந்து கூடத்தின் மறுகோடிக்குப் போய்த் திரும்பினார்.

“இது மார்கழி மாசத்துக் காலைதானே?” என்றார் கடைசியில். “சின்னப் பொண்ணா இருக்கசொல்ல சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போவேன். மலை இப்டிதான் இருக்கும். கை வெறச்சிக்கும்.” சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டார். பிறகு, மீதிச் சுவரை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்.

அன்வர் கழுவின பிரஷ்ஷையே மறுபடி கழுவப் போனான். நான் வெளியே போய் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தேன்.

எத்தனையோ ஓட்டல்களில் நானும் மலை போட்டிருக்கிறேன். நல்லா இருக்குது என்பார்கள். அது எந்த மாதம், என்ன வேளை என்று யாரும் சொன்னதில்லை. சொல்வதற்கு அவற்றில் எதுவும் இல்லை.

அன்வருடைய வலது கை இப்போது தேறிவிட்டது. டம்ளர் பிடிக்கிறான், பைக் ஓட்டுகிறான், கோடு இழுக்க வேண்டிய இடத்தில் வலது கையால்தான் இழுக்கிறான். ஆனால் மலை, வானம், தண்ணீர் என்று வந்தால் பிரஷ்ஷை இடது கைக்கு மாற்றிக்கொள்கிறான். போன மாதம் சாரத்தின் மேல் இருந்தபோது காரணம் கேட்டேன். வரைவதை நிறுத்தாமலே சொன்னான்:

“வலது கை எல்லாம் தெரியும்னு நெனச்சிக்கினு இருக்குது. இதுதான் இன்னும் பாத்து பாத்து போடுது.”